செலின் அக்காவின் முயல்

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

பழைய வீடியோ கேம் பெட்டியை டிவியில் மாட்டி நல்ல படம் எடுப்பது எப்படி என்று எழுதித் தரச் சொன்னீர்கள். அந்த விஷயத்தில் என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். எந்த நாட்டுப் பெட்டிக்கு எந்த வயர், நடுவில் எந்தக் கன்வெர்ட்டர் என்பதெல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கருங்கலில் கடை வைத்து டிவி பழுது பார்த்துக் காலம் கழித்தேன். கண் ஒத்துழைக்காமல் போனதும் கடையை விட்டேன். அதனால் வயரைப் பற்றி எழுதப் போவதில்லை. ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பெரிய வெப்ராளக்காரன். எதற்கெடுத்தாலும் பதறுவேன். கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை போய், சால்டரிங் அயர்னை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பி வருவேன். அணைத்துத்தான் இருக்கும். மறுபடி பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது, பார்க்க வந்த சமயத்தில் கைதவறிப் போட்டுவிட்டோமோ என்று அடுத்த கவலை வரும். “நீங்க செத்துப் பெட்டிக்குள்ள கெடந்தாலும் எழும்பிப் போயி, பிளக்கை ஊரினோமாண்ணு பாப்பிய” என்பாள் என் வீட்டுக்காரி.

வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கவும் எனக்குப் பயம். படம் பிடிக்கவில்லை என்று முகம் சுளித்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அதனால் செட்டை ஓட விட்டுக் காட்டும்போதெல்லாம் அவர்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சமயம். தேங்காய்ப்பட்டணத்துப் பக்கம் கடற்கரையிலிருந்து ததேயுஸ் அண்ணன் கடைக்கு வந்தார். கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்தவர், பழைய பழக்கம். துவர்த்தில், அதாவது துண்டில், சுற்றி, கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல நெஞ்சோடு அணைத்து ஒரு சாமானைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பிரித்துப் பார்த்தால் கேம் பெட்டி. வெள்ளையாக இருந்தது பழுத்த பனையோலை நிறத்துக்கு வந்திருந்தது. கப்பல் ஜப்பானில் நின்றபோது வாங்கியதாம்.

“மெக்கானிக்கே, இதுல படம் தெளியணும். என்ன செய்யணுமோ செய்யும்.”

“என்ன அண்ணே, இந்தக் காலத்துல விளையாட்டா?”

“எனக்கில்ல ஓய். எனக்க வீட்டுக்காரிக்காக்கும்.”

துவர்த்தை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். அவர் மனைவி செலின் அக்காவுக்கு அந்த மழைக்காலத்தில் பக்கவாதம் வந்திருந்தது. பேச்சு திரும்பிவிட்டது. நடையும் ஒருவிதமாக வந்துவிட்டது. வலது கை மட்டும் மடியில் கிடந்தது. பிசியோதெரபி படித்த ஒரு பெண் ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போதுள்ள மாதங்களை விட்டுவிட்டால் அப்புறம் கையைத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவுக்கோ பயிற்சியில் மனசே இல்லை. அவர்களாக வாய்திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான், இந்தப் பெட்டி.

“நான் கப்பல்ல கெடந்த காலத்துல அவ இதுலயாக்கும் கெடந்தா. ஒரு முயலு, கிணறு கிணறாச் சாடிப் போவும். நான் லீவுக்கு வந்தா என்னையும் பிடிச்சு இருத்துவா. இப்போ கேட்டா, எடுத்துப் போட்டுக் குடுத்தேன். மகள் வாங்கித் தந்த வலிய டிவில ஒண்ணும் தெரியல்ல ஓய். ஒரே கோடும் புள்ளியும். கிணறு எது தரை எதுண்ணு தெரியாம முயலு போயி விழுது. படம் தெளிஞ்சா அவ விளையாடுவா. விளையாடினா கை அனங்கும்.”

எங்கள் பக்கத்தில் தாவுவதைச் சாடுவது என்போம், அசைவதை அனங்குவது என்போம். அவர் அந்தச் சொல்லைச் சொன்ன விதத்திலேயே எனக்கு வெப்ராளம் பிடித்துவிட்டது. ஒரு மனுஷியின் கையை என் மேஜையில் வைத்துவிட்டாரே என்று இருந்தது.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்னறைச் சுவரில் பெரிய டிவி. மகள் குவைத்தில் நர்ஸ், அவள் வாங்கிக் கொடுத்தது. செலின் அக்கா நாற்காலியில் இருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்தேன். வயர் சொருகும் இடம், கேம் கேசட்டின் பல் எல்லாவற்றிலும் பிசின்போல ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

“நானாக்கும் வருசா வருசம் தேச்சு வச்சேன். உப்புக்காத்துல்லா?” என்றார்கள் அக்கா.

கடற்கரை வீடுகளில் பூட்டு, கத்தரிக்கோல், தையல் மிஷின் என்று இரும்பாகப்பட்ட எல்லாவற்றுக்கும் எண்ணெய் போடுவார்கள். அந்தப் பக்குவத்தை இதற்கும் செய்திருக்கிறார்கள். துரு ஏறவில்லை, அது உண்மை. வருஷக் கணக்கான எண்ணெயில் தூசி பிடித்து, கரண்டு போகிற வழியெல்லாம் அடைத்துக்கிடந்தது.

“நல்ல காரியந்தான் அக்கா. இல்லைண்ணா பெட்டி எப்பவோ போயிருக்கும்” என்றேன். ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துப் பொறுமையாகத் துடைத்தேன். கோடும் புள்ளியும் போயின. படம் மட்டும் பக்கவாட்டில் இழுபட்டுக் கிடந்தது.

“முயலைப் பாரும், எனக்க மாதிரி வயிறு வச்சிட்டு” என்றார் ததேயுஸ் அண்ணன்.

“அது ஓடுகுதே. நீரு எங்க ஓடுதீரு?” என்றார்கள் அக்கா.

டிவியில் அகலத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். கையோடு கொண்டுபோயிருந்த கன்வெர்ட்டரை நடுவில் போட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கிணற்றுச் சுவரின் ஒவ்வொரு செங்கலும் தனியாகத் தெரிந்தது. அக்கா முன்னால் சாய்ந்து பார்த்தார்கள்.

“அய்யோ, முயலுக்குச் சட்டை பச்சையா?”

அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டிலிருந்த டிவி ஜப்பான் பெட்டியின் நிறத்தை எடுக்காது. கருப்பு வெள்ளையாகத்தான் காட்டும். அந்த முயலோடு அத்தனை வருஷம் பழகியும் சட்டையின் நிறம் தெரியாமல் இருந்திருக்கிறார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். இதைவிட நல்ல படம் இந்தப் பெட்டியிலிருந்து எடுக்க முடியாது என்று நினைத்தேன்.

கட்டுப்பாட்டுக் கருவியை அண்ணன் எடுத்து அக்கா மடியில் வைத்தார். வலது கையைத் தூக்கி அதன்மேல் வைத்து, பெருவிரலைப் பொத்தானில் பொருத்திக் கொடுத்தார். முயல் ஓடியது. முதல் கிணறு வந்தது. விழுந்தது.

மறுபடி ஓடியது. விழுந்தது. மறுபடியும்.

அக்கா இடது கையால் கருவியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள்.

“படம் தெளிவா இருக்குல்லா?” என்று அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“படத்துக்கு ஒரு குறையும் இல்ல. எனக்க கைதான் செத்துப் போச்சு. பயிற்சிக்கு வாற பிள்ளைய நாளைக்கழிச்சு முதல் வரண்டாம்ணு சொல்லும். அது சும்மா வந்து கஷ்டப்படுகுது.”

எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். கட்டில் முனகுவது கேட்டது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சாமான்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். படம் மங்கலாக இருந்தவரை பழி படத்துக்கு இருந்தது. படத்தைத் துடைத்துக் கொடுத்ததும் அந்தப் பழி அப்படியே அவர்கள் கைக்குப் போய்விட்டது. நம் தொழிலில் இப்படியும் நடக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பஸ்ஸில் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. வயரைச் சரியாகச் சொருகினேனா? பொத்தானுக்கு அடியில் எண்ணெய் இருந்ததா? அதையும் துடைத்தேனே. அப்படியே அவர்கள் பெருவிரல் கண்முன் வந்தது. முகத்தைப் பார்க்கப் பயந்து நான் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நடுங்கியது, உண்மை. பொத்தான் அமுங்குகிற சின்னச் சத்தமும் என் காதில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டபோது முயல் விழுந்திருந்ததா?

இல்லை. ஓரக்கண்ணில் பட்ட முயல் அப்போது கிணற்றின் விளிம்புக்கு இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் அக்கா நேரத்துக்குத்தான் அமுக்கியிருக்கிறார்கள். முயல்தான் பிந்திச் சாடியிருக்கிறது.

இது உங்களுக்குத் தெரிந்த விஷயம். சுவர் டிவி பழைய பெட்டியின் படத்தை வாங்கி, இழுத்து, துடைத்து, அழகுபடுத்திப் பிறகுதான் காட்டும். படத்தை மினுக்க நான் வைத்த கன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிந்தும். ட்யூப் டிவி வந்ததை வந்தபடி காட்டிவிடும். சினிமா பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கிணற்றைச் சாடுகிற முயலுக்குத் தெரியும்.

புதுக்கடை சந்திப்பில் இறங்கி எதிர்ப் பஸ்ஸைப் பிடித்தேன்.

ததேயுஸ் அண்ணன் முன்னறையில் அப்படியே இருந்தார். அக்கா உள்ளே படுத்திருந்தார்கள். குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

“நான் போயிச் சொல்லட்டும், கைக்குக் குறையில்லண்ணு.”

அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். “அண்ணே, எனக்கு நிச்சயம் இல்ல. ஒருக்க சோதிச்சுப் பாப்போம். நீங்க விளையாடுங்க.”

அவர் உட்கார்ந்து விளையாடினார். முயல் விழுந்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. “பாத்தியளா! கை நல்லா இருக்க நீங்களே விழுதிய!”

அவர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். “இதுல என்ன தெளிவு ஓய்? நான் அந்தக் காலத்திலயே விழத்தான் செய்வேன். கடல்ல முங்காத மனுசன் கிணத்துல மட்டும் முங்குகானேண்ணு அவ சிரிப்பா.”

நான் வாங்கி விளையாடினேன். எனக்கு எது சாடும் பொத்தான் என்றே பிடிபடவில்லை. அந்த வீட்டில் முயலைச் சாட வைக்கத் தெரிந்த ஒரே ஆள் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்கள். டிவியில் விளையாட்டுக்கென்று ஒரு அமைப்பு உண்டு, பிந்துவதைக் குறைக்கும். தேடிப் பார்த்தேன். அந்த மாடலில், நாங்கள் வயர் சொருகிய இடத்துக்கு அது வேலை செய்யவில்லை. ட்யூப் டிவி கொண்டுவந்து பார்ப்பது ஒன்றுதான் வழி. அதில் விளையாடிப் பார்க்க வேண்டியவர்களும் அக்காதான்.

தம்பிமாரே, நான் எழுத வந்தது இந்த இடத்தைப் பற்றித்தான். சோதிக்க வழி தெரியும். சோதனை தோற்றால் என்ன ஆகும்? ‘உங்கள் கையில் குறை இல்லை, டிவியில்தான் குறை’ என்று சொல்லி உட்கார வைத்து, அங்கேயும் முயல் விழுந்தால்? கையும் பிந்துகிறது, டிவியும் பிந்துகிறது என்று இருந்தால்? அக்காவை நானே இரண்டாம் தடவை கிணற்றில் தள்ளியதுபோல ஆகும். சொல்லாமலே விட்டாலோ, நாளை மறுநாளிலிருந்து அந்தப் பெண் வருவது நின்றுவிடும்.

“அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டியளா?” என்று கேட்டேன்.

“இன்னும் போன் பண்ணல்ல. மனசு வரல்ல.”

“நாளைக்கு ஒரு நாள் எனக்குத் தாங்க. அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க.”

கடையில் ஒரே ஒரு நல்ல ட்யூப் டிவி இருந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பிய யாரோ விட்டுப் போனது. எந்த நாட்டுப் பெட்டியின் நிறத்தையும் எடுக்கும். அதை நான் எங்கள் சபைப் பையன்மாருக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். உங்களுக்குத் தெரியுமே, கிறிஸ்துமஸ் வந்தால் பழைய டிவிக்கு இந்தப் பக்கம் கிராக்கி. ட்யூபைக் கழற்றிவிட்டு, அந்தக் கூட்டுக்குள் வைக்கோல் போட்டு, சீரியல் பல்பு கட்டிக் குடில் வைப்பார்கள். மறுநாள் காலையில் நான் டிவியை ஆட்டோவில் ஏற்றும்போது அந்தப் பையன்மார் சரியாக வந்துவிட்டார்கள்.

“அண்ணாச்சி, எங்களுக்கச் செட்டு எங்க போகுது?”

“இது வேற ஆளுக்கு வேணும் மக்கா.”

“அப்போ குழந்தை ஏசு எங்க கெடப்பாரு?”

“நல்ல அட்டைப்பெட்டி ஒண்ணு தாறேன்.”

“ஃபிரிட்ஜ் வந்த பெட்டியா இருந்தா எடுத்துக்கிடுதோம். மாடும் ஆடும் தாராளமா நிக்கும்” என்றான் ஒருத்தன். பேரம் அதோடு முடிந்தது.

சுவர் டிவிக்குக் கீழே ஒரு பெஞ்சில் வைத்து, வயரை நேரடியாகச் சொருகினேன். நடுவில் ஒன்றும் வைக்கவில்லை. சத்தம் கேட்டு அக்கா வந்து வாசலில் நின்றார்கள்.

“இது என்ன, சவப்பெட்டி மாதிரி?”

“ஏட்டி, வாயைக் கழுவு” என்றார் அண்ணன்.

என்ன பேசுவது என்று ஆட்டோவில் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். “அக்கா, இந்தச் செட்டு ரொம்ப நாளா ஓடாமக் கெடக்கு. இதுல முயலு சரியா ஓடுதா இல்லியாண்ணு பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும். எனக்கும் அண்ணனுக்கும் அது பாக்கத் தெரியாது. விழுந்தா செட்டுக்கக் குறையா இருக்கும். நீங்க செட்டை மட்டும் பாத்துச் சொன்னாப் போரும்.”

நான் பொய் சொல்லவில்லை. முழு உண்மையையும் சொல்லவில்லை. முயல் விழுந்தால் பழி டிவியோடு நிற்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். தாண்டிவிட்டால் அது ஏன் தாண்டியது என்று அக்காவே கண்டுபிடித்துக்கொள்வார்கள். நான் சொல்லிக் கொடுப்பதைவிட அது பலமாக நிற்கும். அந்த அளவுக்குத்தான் எனக்குப் புத்தி எட்டியது. இதைவிட நல்ல வழி உங்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

அக்கா சுவர் டிவியையும் பெஞ்சிலிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “செட்டைப் பாக்கத்தானே?” என்று கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

படம் அந்தச் சுவர் டிவி அளவுக்குப் பெரிதில்லை. செங்கல் தனித்தனியாகத் தெரியவில்லை, ஒன்றோடொன்று இழைந்து தெரிந்தது. பச்சைச் சட்டை மட்டும் பளிச்சென்று இருந்தது. முயல் ஓடியது. கிணறு வருவதற்கு முன்பே சாடி, விளிம்பில் முட்டி உள்ளே விழுந்தது.

 அண்ணன் என் தோளைப் பிடித்தார்.

அக்கா தன் பெருவிரலைப் பார்த்தார்கள். “முந்திச் சாடிட்டு” என்று தனக்குத்தானே சொன்னார்கள். நேற்றைய டிவியில் முயல் பிந்தியதால் இன்று அவர்கள் விரல் அதற்கும் சேர்த்து முந்தியிருக்கிறது என்று எனக்கு அப்புறம்தான் விளங்கியது. அந்த அளவுக்கு யோசிக்கிற விரலையா செத்தது என்றார்கள்!

முயல் மறுபடி ஓடியது. முதல் கிணற்றைத் தாண்டியது. அண்ணன் வாயைத் திறந்தார், நான் கண்ணால் அடக்கினேன். இரண்டாவது கிணற்றையும் தாண்டியது. அக்காவின் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, முயலோடு சேர்ந்து அவர்களும் தாண்டுகிற மாதிரி. மூன்றாவது கிணறு அகலமானது. விரல் பொத்தானில் வழுக்கியது. முயல் விழுந்தது.

நான் அவசரமாகச் சொன்னேன், “அது செட்டுக்கக் குறையாக்கும் அக்கா.”

“போரும் உமக்கச் செட்டு. செட்டு நல்ல செட்டு” என்றார்கள். அப்புறம் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியது, அதைப் பற்றிக் கவலைப்படாத சிரிப்பு. “இப்போ விழுந்தது நானாக்கும். நேத்து விழுந்தது நான் இல்ல.”

அண்ணன் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். துவர்த்தை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார், வியர்வை என்று நாங்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்பதுபோல.

கை அன்றைக்கே சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அது எங்களைப் போன்றவர்கள் சொல்கிற விஷயமும் இல்லை. மூன்றாவது கிணற்றில் அக்கா அன்று முழுக்க விழுந்துகொண்டுதான் இருந்தார்கள். கை வலித்தால் நிறுத்தி, இடது கையால் வலது விரலை நீவிவிட்டு, மறுபடி வைத்தார்கள். வைத்துவிட யாரையும் கூப்பிடவில்லை.

படம் எவ்வளவு தெளிவு என்று நீங்கள் அளந்து பார்ப்பீர்கள், பாருங்கள். அதோடு, விளையாடுகிறவர் அமுக்கிய உடனே திரை கேட்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். திரையைப் பார்க்காதீர்கள், அவர் விரலைப் பாருங்கள். எனக்குப் பயத்தில் வந்த பழக்கம், நீங்கள் தைரியமாகவே பார்க்கலாம்.

நான் கிளம்பச் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அந்தப் பிள்ளைக்குப் போன் பண்ணும்” என்றார்கள்.

“வரண்டாம்ணா?” என்று கேட்டார் அண்ணன். 

“வரச் சொல்லி ஓய். இந்தப் பெருவிரலுக்குண்ணு தனியா என்னமும் பயிற்சி உண்டாண்ணு கேளும்.”

அவர் போனை எடுத்து, கப்பலில் காற்றுக்கு எதிராகப் பேசிப் பழகிய தொண்டையில் ஆரம்பித்தார். “மக்களே, நாளைக்கு வந்திரணும் கேட்டியா… ஆமா, அக்காதான் சொல்லச் சொன்னா… விரலுக்கு, விரலுக்கு…”

“பையப் பேசும்” என்றார்கள் செலின் அக்கா. “கிணறு வருது.”